நனைத்த வைக்கோல்

சித்திரை முடிந்தால் எங்கள் வீட்டில் ஓர் அறை குறைந்துவிடும். இருந்ததே இரண்டு அறைதான். முன்னறையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த என் தம்பி மத்தியானம் வரை குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். பின்னறையில் மாம்பழம் இருக்கும். நானும் என் டிரங்குப் பெட்டியும் திருத்த வேண்டிய பரீட்சைப் பேப்பர்களும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்வோம். இதைச் சொல்லிக் காட்டினால் அப்பா அலட்டிக்கொள்ளவே மாட்டார்.

"மூணு மாசந்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ டீச்சரம்மா."

மூன்று மாதம் என்பது அவர் சொல்வது. மாங்காயில் முதலில் பாதாமி ரகம் வரும், அது முடிவதற்குள் ராஸ்பூரி, அப்புறம் ஆடி மழையோடு நீலம். ஆவணி பிறந்த பிறகும் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. புளிப்பும் கள்ளும் ஈரச்சாக்கும் கலந்த ஒரு வாடை என் புடவையோடு ஸ்கூலுக்கு வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவதை நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டிரில்லராக இருந்தவர். பாறையில் துளை போடும் மிஷினைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. நெஞ்சில் கல்தூசி படிந்துவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லி, வயது ஆவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். தம்பிக்கும் அங்கேயே வேலை கிடைத்ததால், கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு எங்களுக்கே நின்றது. அம்மா அதற்கு முன்பே செத்துப்போய்விட்டாள். ஒரு வருஷம் அப்பா வீட்டில் சும்மா இருந்தார். அந்த வருஷத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. உப்பு டப்பாவை எந்தப் பலகையில் வைக்க வேண்டும், தம்பி எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதனால் அவர் பூதிகோட்டைக்கு பஸ் ஏறிப் போய், யாரோ தெரிந்தவர் தோப்பிலிருந்து இரண்டு கூடை மாங்காய் கொண்டுவந்து இறக்கியபோது நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேத்தமங்களா ஏரிக்குக் கீழே நெல் விளைகிறவர்களிடமிருந்து வைக்கோல் வந்தது. பின்னறையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காய் என்று இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, மேலே கோணி போட்டு மூடினார். ஒரு சீசனோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். என் கணிப்புகள் எப்போதும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அவர் காய் பார்க்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் இரும்புக் கம்பியால் தலைக்கு மேல் இருக்கிற பாறையைத் தட்டிப் பார்ப்பார்களாம். உறுதியான பாறை கணீரென்று கேட்கும், உள்ளே விரிசல் விட்டுப்போன பாறை பொத்தென்று கேட்கும். அப்பா மாங்காயையும் விரலை மடக்கித் தட்டி, காதோடு வைத்துக் கேட்டு, "வெள்ளிக்கெழம" என்பார். அது வெள்ளிக்கிழமைதான் பழுக்கும். எனக்கு அதில்தான் எரிச்சல். ஒரு தடவையாவது சனிக்கிழமை பழுத்திருந்தால் எனக்குப் பேச ஒரு வாய் கிடைத்திருக்கும்.

அவரோடு வேலை செய்தவர்களும், அவர்களைப் பார்த்து மற்ற லைன்காரர்களும் தேடி வர ஆரம்பித்தார்கள். "மேஸ்திரி, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க, அன்னிக்குன்னு பழுக்கற மாதிரி ஒரு இருவது குடுங்க" என்பார்கள். வைகாசிப் பௌர்ணமிக்கு புத்தருக்கு வைத்துக் கும்பிடுவதற்கு என்று ஒரு வாரம் முன்பே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுவார். வந்தவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து, ரொம்பத்தான் என்று முணுமுணுத்துக்கொள்வேன்.

தட்டிப் பார்த்தாலும் அழுகுகிறது அழுகத்தான் செய்யும். காம்பைச் சுற்றி முதலில் ஒரு பழுப்பு வட்டம் தெரியும். இரண்டு நாளில் அது கறுத்து பாதிப் பழம் வரை இறங்கும். சிலதில் மிளகைத் தூவியது போலத் தோலெல்லாம் கரும்புள்ளி. அதற்கு மேல் விட்டால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சை பூக்கும். இவற்றை அப்பா விற்கமாட்டார், அந்த யோக்கியம் அவரிடம் உண்டு. ஆனால் தூக்கிப் போடவும் மாட்டார். பேனாக்கத்தியால் கறுப்பைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவார். அதிகம் சேர்ந்துவிட்டால் வெல்லம் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டு தினமும் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்வார்.

நான் ஸ்கூலில் எதைப் பாடம் எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? பூஞ்சை. நனைத்த ரொட்டித் துண்டைக் கண்ணாடி டம்ளரால் மூடி வைத்து, நாலாம் நாள் பிள்ளைகளுக்குக் காட்டி, "மேலே தெரிவது கொஞ்சம், வேர் மாதிரி உள்ளே ஓடுவதுதான் அதிகம்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்பா அதே பூஞ்சையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை விஷம் என்று பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருந்த காலம் அது. அதையும் படித்துக் காட்டினேன்.

"நீங்க பாக்கறது மேல கீறது மட்டுந்தான் நைனா. உள்ள நூலு நூலா போயிருக்கும். அது உடற வெஷம் காய்ச்சினாலும் போவாது."

"சுரங்கத்துக்குள்ள முட்டு குடுத்த மரத்து மேல பஞ்சு கணக்கா பூத்துக் கெடக்கும்மா. அதுல முதுக சாச்சிக்கினுதான் சோறு துன்னோம். இன்னா ஆயிப்போச்சி?"

"மரத்தையா துன்னீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு இருமலில் போய் முடியும். இருமல் அடங்கியதும், "சயனைடு மேட்டு மண்ணையே சோத்தோட துன்னு வளந்தவ நீ, இந்த மாவு இன்னாத்த பண்ணிடும்?" என்பார். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மலையாகக் கொட்டி வைத்த அந்தக் கழிவு மண் ஆடிக் காற்றில் எங்கள் சட்டி பானை வரை வந்து படிவது உண்மைதான். அதனால் எது நிரூபணமாகிறது என்று கேட்டால், இன்னொரு துண்டைச் செதுக்கி வாயில் போட்டுக்கொள்வார்.

மூன்றாவது சீசனில் அந்த இருமல் எனக்குப் பயம் கொடுத்தது. முன்பு காலையில் மட்டும் இருமுவார். இப்போது பகலிலும் இருமினார், தண்ணீர்க் குழாய் வரை போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். பிடித்து இழுக்காத குறையாக ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே தூசி தின்ற நெஞ்சு. இனிமேல் தூசியே கூடாது. எந்தத் தூசியும்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நான் அதையே ஓதினேன்.

"கேட்டீங்கல்ல? வக்கோல் தூசியும் தூசிதான்."

"செரி" என்றார்.

என் வாழ்நாளில் அவர் அப்படி ஒரே வார்த்தையில் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலு நாள் கழித்து, "தூசி வேலய முடிச்சிட்டேன், வந்து பாரு" என்று கூப்பிட்டார். வாசலில் நின்று பார்த்தேன். அவர் ஒரு கை வைக்கோலை எடுத்து உதறினார். வழக்கமாக ஜன்னல் வெளிச்சத்தில் புகையாகக் கிளம்புகிற தூசி துளிக்கூட இல்லை. நல்ல வைக்கோலாகப் பார்த்து மாற்றிவிட்டார் என்று நினைத்து அவரைப் பாராட்டினேன். பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன், எங்கள் நைனா இந்த ஒரு விஷயத்தில் சொன்ன பேச்சு கேட்டார் என்று. அதை இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆடி மாதம் நீலம் வந்து இறங்கியது. மழையும் வந்தது. அந்த வாரத்திலிருந்து அப்பாவுக்குச் சாயங்காலமானால் குளிர் எடுக்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வலி, ஜுரம், மூச்சு இரைப்பு. ராத்திரி வேர்த்துக் கொட்டி, காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் டிபி என்று பேச்சு அடிபட்டது. நானும் பயந்துபோய் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். அவர் பார்த்தார், அன்றிலிருந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். சளியைப் பரிசோதித்து டிபி இல்லை என்றார்கள். பிறகு வேறு என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஜுரம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் போட்டுப் பழகிய கை. கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் நாள் எழுதி, ஜுரம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி என்று போட்டு வந்தேன். வரிசையாகக் கோடுதான். நடுவில் இரண்டு சுழி. அந்த இரண்டு நாளும் அப்பா காய் பார்க்கப் பூதிகோட்டைக்குப் போய்த் தோப்பிலேயே தங்கியிருந்தார். திரும்பி வந்த அன்று காலையில் வைக்கோலைப் பிரித்தார், சாயங்காலம் குளிர் எடுத்தது.

மறுநாள் அவர் தண்ணீர்க் குழாய்க்குப் போன நேரத்தில் பின்னறைக்குள் போய்க் கோணியை விலக்கினேன். வைக்கோலுக்குள் கையை விட்டால் சுட்டது. மழைநாளில் அப்படி ஒரு சூடு. மேல் அடுக்கைத் தூக்கினேன். அடியில் வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் பச்சை, ஓரத்தில் அடுப்புக்கரியைத் தூவியது போலக் கறுப்பு. என் டம்ளருக்குள் இருந்த ரொட்டி அறை முழுக்க வளர்ந்திருந்தது. தூக்கிய வேகத்தில் மாவு போல ஏதோ முகத்தில் அடித்தது. புடவையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், அப்பா ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே வருகிறார். என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, குடத்துக்குள் கையை விட்டு, கோலம் போடும் முன் வாசலுக்குத் தெளிப்பார்களே அப்படி, வைக்கோல் மேல் நிதானமாகத் தெளிக்க ஆரம்பித்தார்.

"இன்னா பண்றீங்க நைனா?"

"தூசிய அடக்கறன். டாக்டரு சொன்னாரில்ல."

வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அவர் தப்பாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாறையைக் காய்ந்தபடியே துளைத்தார்கள். மிஷின் ஓடினால் எதிரே நிற்கிற ஆள் தெரியாதாம், அவ்வளவு தூசி. பிற்பாடுதான் மிஷினுக்குள்ளேயே தண்ணீர் விட்டுத் துளைக்கிற முறை வந்தது. தண்ணீர் பட்டால் தூசி கிளம்பாது, நெஞ்சுக்குள் போகாது. அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் வேண்டியிருக்கவில்லை, அவர் நெஞ்சே சொல்லிக்கொடுத்திருந்தது. அவருக்கு அந்தத் தண்ணீர் லேட்டாக வந்தது, அவ்வளவுதான். தூசி கூடாது என்று நான் சொன்னேன். சுரங்கத்தில் வேலை செய்த எவரிடம் சொன்னாலும் முதலில் தண்ணீர்க் குடத்தைத்தான் தேடுவார். நான் அதை யோசிக்கவில்லை. போன வருஷத்து வைக்கோலையே உலர்த்தித் திரும்பப் போட்டிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதிலேயே இருந்த பூஞ்சைக்கு நானே ஆள் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இந்தத் தடவை டாக்டரிடம் அவர் காலையில் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "முதல் நாளே இதைச் சொல்ல வேண்டாமா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டாமா என்று நானும் மனதுக்குள் எரிந்து விழுந்தேன். வெளிநாட்டில் ஈரப்புல்லைக் கிளறுகிற குடியானவர்களுக்கு இதே மாதிரி வரும் என்றார். காலையில் பூஞ்சைப் பொடி உள்ளே போகும், சாயங்காலம் ஜுரமாக வெளியே காட்டும். நல்ல நெஞ்சாக இருந்தால் கொஞ்ச நாள் தாங்கும்.

"இவருக்கு இருக்கிற நெஞ்சுக்கு இது தாங்காது. இதே மாதிரி போனால் அடுத்த சீசனுக்கு இருக்கமாட்டார். அந்த அறையைக் காலி பண்ணுங்கள்."

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "இந்த ஈடு நீலம் மட்டும் முடிஞ்சிடட்டும்" என்றார். அவரோடு மிஷின் பிடித்த ஒருவருடைய மகளுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பந்திக்கு வேண்டிய பழம் அத்தனையும் அன்றைக்குப் பழுத்திருக்கும் என்று சொல்லியிருந்தாராம்.

"செத்துப்போவீங்கன்னு சொல்றாரு டாக்டரு. உங்களுக்குப் பழந்தான் முக்கியமா?"

"சொல்லிட்டேன்மா. அஞ்சு நாளுதான்."

"அஞ்சு நாளு மூச்சு உடாம இருப்பீங்களா?"

மறுநாள் விடிந்ததும் எழுந்து உள்ளே போனார். அன்று சாயங்காலம் குளிர் வந்தபோது இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. தம்பியிடம் முறையிட்டேன். அவன் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் நிற்பவன். என்னிடம், "நீ சொல்றது கரீட்டு" என்றான். அப்பாவிடம் போய், "அஞ்சு நாளுதானே" என்றானாம்.

வியாழக்கிழமை அப்பா கல்யாண வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார். நான் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தம்பியை எழுப்பினேன். அவன் தூக்கக் கலக்கத்தில் கேள்வி கேட்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று. கோணியில் கட்டிக் கட்டி லைனுக்குக் கடைசியில் இருந்த பள்ளத்துக்கு இழுத்தோம். அடி அடுக்கில் இருந்த பழங்களைத் தொட்டால் தோல் கழன்று தண்ணீராக ஓடியது. மேல் அடுக்கில் நல்லது நிறையவே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கொட்டினேன். பொறுக்கி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவு கோபம். ஈர வைக்கோல் லேசில் பற்றவும் இல்லை. ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றியும் புகைந்துகொண்டே இருந்தது. அந்தப் புகையில் லைனே இருமியது. பிறகு அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன்.

அப்பா திரும்பி வந்தார். பின்னறை வாசலில் நின்று ஈரத் தரையைப் பார்த்தார். கத்துவார், நாமும் கத்தலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை கல்யாண வீட்டுக்காரர் கூடையோடு ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். என் பொண்ணு கொட்டிட்டா என்று சொல்வார், வெளியே வந்து டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லலாம் என்று புடவையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"காய் வீணாப்போச்சிப்பா" என்றார் அப்பா. "நான்தான் தப்பா பாத்துட்டேன்."

"நீங்களா மேஸ்திரி?"

"ஆமா. காது முன்ன மாதிரி இல்ல."

வந்தவர் கூடைக்காரனைத் திரும்பிப் போகச் சொன்னார். பரவாயில்லை, பேட்டையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெளியே வரவில்லை. அவர் போய் எத்தனை பேரிடம் சொன்னாரோ, அதற்குப் பிறகு பழம் கேட்டு எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை.

ஜுரம் ஒரு வாரத்தில் நின்றது. ஐப்பசிக்குள் அப்பா தண்ணீர்க் குழாய் வரை நிற்காமல் போய் வந்தார். இருமல் இருந்தது, ஆனால் பழைய இருமல்தான், காலை இருமல். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூலில், லைனில், பார்த்தவர்களிடமெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் கோடு போட்டுக் கண்டுபிடித்ததைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பின்னறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் மேஜை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அப்படியே இருந்தார். டீயைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"மூச்சு எப்டி கீது நைனா?"

"நல்லா வருது" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "வந்துக்கினேதான் கீது. அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவரைக் காப்பாற்ற நான் பட்ட பாடு என்ன, இவர் பேசுகிற பேச்சு என்ன.

"ஒண்ணும் பண்ண வாணாம். உசுரோட இருங்க. அது போதும்."

"உனக்குப் போதும்மா" என்றார்.